கொம்பும் காலும்

முப்பத்து நான்கு சட்டை.
பதினெட்டு வெள்ளி வீதம், பாதிப் பணம் முன்னமே கட்டியாயிற்று.
பெட்டியைப் பிரித்தவள் புவனா.
பிரித்த வேகத்தில் மூடிவிட்டு
"அக்கா, நீங்களே பாருங்க" என்றாள்.

செம்பனை ஆலைத் தோழிகள்
என்றிருக்க வேண்டிய இடத்தில்
ச தனியாக நின்றது.
அதன் கொம்பு நகர்ந்துபோய்
அடுத்த எழுத்தை முட்டிக்கொண்டிருந்தது.
தோழியின் இரட்டைக்கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.
தீபாவளிக்கு முந்தின நாள்
லாபிஸ் பாசாரில் ஆட்டை வெட்டிப் பரப்பிய மேசை மாதிரி.

எழுத்துதானே, தூரத்திலிருந்து யார் படிக்கப்போகிறார்கள் என்று
யோகமலர் ஒன்றைத் துவைத்துப் பார்த்தாள்.
ஒரே துவையல்.
மஞ்சள் மை
பித்தவெடிப்பு விழுந்த குதிகாலாகப் பிளந்தது.
இரண்டு கட்டைவிரலால் இழுத்தேன்.
ஒரு புள்ளி உதிர்ந்து என் நகத்தில் ஒட்டிக்கொண்டது.
அடுத்த ஞாயிறு சிகாமட்டில் வலைப்பந்து.

அச்சுக்கடைக்காரர் பெயர் ஙியாம்.
ங-வில் தொடங்கும் மனிதரை
வேறெங்கும் நான் பார்த்ததில்லை.
கைப்பேசியில் நியாம் என்றுதான் சேமித்திருந்தேன்.
நியாயத்துக்கு ஒரு எழுத்து குறைச்சல் என்று
ரயில் நிலையம்வரை முனகிக்கொண்டே
மோட்டாரை ஓட்டினேன்.
வசனமெல்லாம் தயார்:
பணத்தைத் திருப்பு, இல்லையென்றால்
பயனீட்டாளர் நடுவர் மன்றம்.

அவர் சட்டையை வாங்கி விளக்கடியில் பிடித்தார்.
இழுத்தார். முகர்ந்தும் பார்த்தார்.
சூடு பத்தவில்லை, அடுப்புப் பட்டை வேகமாக ஓடிவிட்டது,
இது என் தப்பு என்று மலாயில் சொன்னார்,
தேநீர் ஆறிவிட்டது என்பதுபோல.
உயர்த்தி எடுத்துப்போன குரலை
எங்கே இறக்கிவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

எழுத்து? என்றேன்.
எழுத்தில் என்ன? என்றார்.
சரியானதை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்தேன்.
இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்.
அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.
"மாதிரி அனுப்பினேனே?"

அனுப்பவில்லை என்று நிரூபிக்க
அங்கேயே நின்று திரையை மேலே தள்ளினேன்.
செவ்வாய், இரவு பதினொன்றே கால்.
எடைமேடையில் எனக்கு இரவுப் பணி. நல்ல மழை.
பழக்குலையோடு பதினாறு லாரி வரிசையில்.
படம் வந்திருக்கிறது.
கொம்பு அப்போதே விழுந்திருக்கிறது.
அதற்குக் கீழே மஞ்சளாய், நிமிர்ந்து,
என் கட்டைவிரல்.

பேசாமல் கைப்பேசியை அவரிடமே நீட்டினேன்.
அவர் சிரிக்கவில்லை.
அதற்காகவே இன்னும் பத்து வெள்ளி கொடுத்திருப்பேன்.

துணி ஏழு வெள்ளி வீதம் என் கணக்கு,
கழகப் பணத்தில் அல்ல, என் பையிலிருந்து.
மை, கூலி, புதுச் சல்லடை அவர் கணக்கு.
கணினியை நம்ப வேண்டாம் என்று
ஒரு கண்ணாடித் தாளையும் கறுப்புப் பேனாவையும் தள்ளினார்.
"நீயே எழுது."

லாரி நம்பரையும் எடையையும் தவிர
கையால் எதையும் எழுதிப் பல வருடம்.
மூன்று தாள் பாழ்.
நாலாவதில்
கொம்பு கொம்பின் இடத்தில், கால் காலின் இடத்தில்.
ழி மட்டும் சற்றே சாய்ந்துவிட்டது,
பார்த்தும் விட்டுவிட்டேன்.

ரசீதில் அவர் தன் பெயரைச் சீனத்தில் போட்டார்.
கூரை மாதிரி, ஏணி மாதிரி, ஏகப்பட்ட கோடு.
அதில் ஒன்று குறைந்திருந்தாலும்
நான் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

சிகாமட்டில் முதல் சுற்றிலேயே தோற்றோம்,
பதினொன்றுக்கு ஆறு.
"ழி சாய்ஞ்சிருக்குக்கா" என்றாள் புவனா,
தண்ணீர் குடித்துக்கொண்டே.
நான் திடலோரப் பதாகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வரவேற்கிறோம் என்பதில்
வே தன் கொம்பை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டு
வெறும் வ-வாக நின்றது.
யாருக்கோ ஒரு செவ்வாய் இரவு.

பழைய முப்பத்து நான்கையும்
உள்பக்கம் வெளியே திருப்பிப் பயிற்சிக்குப் போடுகிறோம்.
ஓடும்போது மை மார்பில் சுரண்டுகிறதாம், யோகமலர் சொல்கிறாள்.

கைப்பேசியில் அவர் இன்னும் நியாம்தான்.
திருத்த வேண்டும்.